பதினேழாம் எண் கட்டில்

அந்தக் கட்டிலை மாடிப்படியில் ஏற்றிக்கொண்டு வந்தபோதே எனக்கு வாடை அடித்துவிட்டது. ஈரக் கோணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுப் பல நாள் கழித்துப் பிரித்தால் வருமே, அந்த வாடை. அதற்குள் மூக்கை எரிக்கும் இன்னொரு காரமும் இருந்தது. என் தம்பி முன்பக்கம் பிடித்திருந்தான். வண்டிக்காரர் பின்பக்கம் பிடித்திருந்தார். தம்பி மனைவி நடுவில் எதையும் பிடிக்காமல், "சுவத்துல இடிக்காதீங்க, பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். இடித்தால் சுவருக்குத்தான் பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரும்புக் கட்டில். எப்போதோ வெள்ளையடித்திருக்கிறார்கள். அது உரிந்து, உரிந்த இடத்தில் துருப்பிடித்து, அதன்மேல் திரும்ப வெள்ளையடித்து, அதுவும் உரிந்து, பார்க்கவே கண்றாவியாக இருந்தது. படுக்க மரப்பலகைகள். பலகைகளின் நடுவில் பழுப்பாக ஒரு பெரிய கறை. தலைமாட்டுக் கம்பியில் கறுப்புப் பெயிண்டில் பதினேழு என்று ஒரு எண்.

"அண்ணி, அந்த நம்பரைப் பாருங்களேன். எவ்ளோ அழகா இருக்கு."

"கட்டிலுக்கு எதுக்கும்மா நம்பர்? ஆஸ்பத்திரிக் கட்டிலா?"

"தெரியல. அதான் அதோட அழகே. யாரு படுத்தாங்களோ, என்ன கதையோ."

"யாரு படுத்தாங்களோன்னுதான் எனக்கும் பயமா இருக்கு."

தம்பி மூக்கால் சிரித்தான். மனைவி திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டுக் கட்டிலைத் துடைப்பதுபோல் பாவனை செய்தான். அவன் அப்படித்தான். பிறந்தபோது அழுததோடு சரி, அதற்குப்பிறகு வீட்டில் அவன் குரலை யாரும் அதிகம் கேட்டதில்லை.

நான் டைல்ஸ் கடையில் வேலை செய்பவள். துடைத்தால் போக வேண்டும், கழுவினால் பளிச்சென்று இருக்க வேண்டும், இதுதான் எனக்குத் தெரிந்த அழகு. அடுத்தவர் படுத்தது, உடுத்தது, தலை வைத்தது எதையும் என்னால் தொட முடியாது. பேருந்து இருக்கையில்கூடக் கைக்குட்டை போட்டுத்தான் உட்காருவேன். தம்பி மனைவி இதைப் பற்றி நேராக ஒன்றும் சொல்ல மாட்டாள். "உங்க ரசனை வேற அண்ணி" என்பாள். எனக்கு ரசனையே இல்லை என்று அதற்கு அர்த்தம். அதனால் நானும் மனதுக்குள் அவளுக்கு ரசனைக்காரி என்று பேர் வைத்துவிட்டேன்.

இவ்வளவு அமர்க்களமும் ஒரு குழந்தைக்காக. இருவரும் குழந்தைக்காக ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. கடைசியில் தத்தெடுப்பது என்று முடிவு செய்து, ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து ஏழு வயதுப் பெண் குழந்தையைத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். உடனே தந்துவிட மாட்டார்களாம். முதலில் சில வாரம் குழந்தை இவர்களோடு இருந்து பார்க்கும். பிறகு விசாரணைக்கு ஒரு அம்மா வருவார். குழந்தையிடமே, இங்கே இருக்கிறாயா என்று கேட்பார். குழந்தை சரி என்றால் சரி, இல்லை என்றால் எல்லாம் முடிந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவர்கள் இரண்டு பேரும் உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

அதற்கு நல்லதாக ஒரு கட்டில் வாங்க வேண்டியதுதானே. கடை கடையாகக் குவிந்து கிடக்கிறது. இளஞ்சிவப்பில் கிடைக்கிறது, பூப்போட்டது கிடைக்கிறது, துடைத்தால் போகிறது. ரசனைக்காரிக்கு அதெல்லாம் ஆகாது. பழம்பொருள் கடையில் போய் ஒரு தொகுதியாக வாங்கிவிட்டாள். கட்டில், ஒட்டுத்துணிப் போர்வை, சுவரில் மாட்டும் கொக்கிப் பலகை, ஒரு மரப்பெட்டி, எனாமல் தட்டு, எனாமல் குவளை. எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்த சாமான், பிரிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், பிரித்தால் பாவம் என்று கடைக்காரர் சொன்னாராம். அந்த ஆள் இவள் தலையில் நன்றாக மிளகாய் அரைத்திருக்கிறார்.

நான் ஒரு வாளித் தண்ணீரும் பிளீச்சிங் பவுடரும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ அண்ணி, தேய்க்காதீங்க. தேய்ச்சா இது சாதா கட்டில் ஆயிடும்."

"சாதா கட்டில்ல படுத்தா புள்ளைக்குத் தூக்கம் வராதா?"

"அப்படி இல்ல அண்ணி. நான் வளந்த வீட்டுல ஒரு நாற்காலிகூட எங்களோடது இல்ல. எல்லாம் வாடகைச் சாமான். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாறும். இவளுக்கு அப்படி இருக்கக் கூடாது. நாலு பேரு கை பட்ட பொருள்ல ஒரு கதகதப்பு இருக்கு."

"கதகதப்பு இல்லம்மா, மூட்டைப்பூச்சி இருக்கு."

இல்லைதான். அதையும் பொய் சொல்லக் கூடாது. பூச்சி இல்லை. ஆனால் அந்தப் போர்வையைக் கையில் எடுத்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கந்தல் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டிச் சேர்த்துத் தைத்தது. ஒரு சதுரம் யாருடைய பள்ளிச் சீருடையோ. ஒன்று ஆண்பிள்ளை பனியன். ஒன்று வெளுத்த கைலி. தையல் சில இடத்தில் நேராக, சில இடத்தில் குடிகாரன் நடந்த மாதிரி. ஆங்காங்கே சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள். அதை அவள் முகத்தில் ஒற்றிக்கொண்டாள். நான் பால்கனிக்குப் போய் நின்றேன்.

அறை தயாரானதும் அவளுடைய கைவேலைக் கூட்டாளிகள் நாலைந்து பேர் பார்க்க வந்தார்கள். இவர்கள் எல்லாரும் வாரம் ஒருமுறை கூடிப் பின்னுவார்கள், தைப்பார்கள், பிறகு அதைப் படம் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். கொக்கிப் பலகையைத் தடவினார்கள். குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். எனாமல் பெயர்ந்து கறுப்பாக இருந்த இடத்தை ஒருத்தி, "இதுதான் உயிரு" என்றாள். வெட்கமே இல்லாமல் எல்லாரும் ஆமாம் போட்டார்கள். நான் ஒன்றை மட்டும் கவனித்தேன். அத்தனை பேரில் ஒருத்திகூட அந்தக் கட்டிலில் உட்காரவில்லை.

குழந்தை வந்தாள். சின்ன உருவம், ஒட்ட வெட்டிய தலை, கையில் ஒரு துணிப்பை. நான் பார்த்தவுடனே பொடிசு என்று கூப்பிட்டேன், அதுவே நிலைத்துவிட்டது. ரசனைக்காரி அவள் கண்ணைப் பொத்திக்கொண்டு கூட்டிப்போய், அறை நடுவில் நிறுத்திக் கையை எடுத்தாள். எடுத்தவள், குழந்தை என்ன சொல்வாளோ என்று எட்டி எட்டி அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த ஒரு நொடிக்கு எனக்கே அவள்மேல் இரக்கமாகத்தான் இருந்தது.

பொடிசு அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டில், போர்வை, கொக்கி, பெட்டி, குவளை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நேராகக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், எங்களைப் பார்த்துத் திரும்பி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பிடிச்சிருக்கா கண்ணு?"

"ரொம்ப நல்லா இருக்கு அம்மா. நன்றி அம்மா."

அம்மா என்ற சொல்லைக் கேட்டதும் ரசனைக்காரி பொங்கிப் பொங்கி அழுதாள். தம்பி ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அழுதுகொண்டே அவள் கைபேசியை எடுத்து, அப்படியே நில்லு கண்ணு என்று சொல்லிப் படம் பிடித்தாள். அழுகிறவளுக்குப் படம் எடுக்க எப்படிக் கை வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. சீ என்று இருந்தது.

எனக்கு வார விடுமுறை வரும்போதெல்லாம் அங்கே போனேன். ஒவ்வொரு முறையும் பெருமை பேசியே என் காதைத் துளைத்துவிடுவாள். "அண்ணி, எழுப்பவே வேண்டாம், தானா எந்திரிச்சு கட்டில் பக்கத்துல நிக்கிறா." "அண்ணி, போர்வையை மூலைக்கு மூலை மடிக்கிறா, நான் சொல்லிக் குடுக்கவே இல்ல." "தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வெக்க மாட்டா." இதையெல்லாம் கூட்டாளிகளுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தாள். பழைய பொருள்களுக்கு நடுவில் குழந்தைக்குத் தானாக ஒழுங்கு வந்துவிடுகிறது என்று அவர்கள் பதில் அனுப்பினார்களாம். கேட்கும்போதே எனக்கு வாய் கசந்தது.

நான் பார்த்தது வேறு. பொடிசு சாப்பிட்டதும் குவளையைக் கழுவி, கட்டிலுக்கடியில் தரையில் கவிழ்த்து வைப்பாள். நாற்காலியில் உட்காரச் சொன்னால் நுனியில் உட்காருவாள். யாராவது உள்ளே வந்தால் உடனே எழுந்துவிடுவாள். ஏழு வயதுக் குழந்தை ஒரு பொருளைக் கீழே போட்டு உடைக்கவில்லை, ஒரு தடவை அடம் பிடிக்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் கடைக்குப் புதிதாக வேலைக்குச் சேரும் பெண்கள் முதல் வாரம் அப்படித்தான் இருப்பார்கள்.

விசாரணை அம்மா வருவதற்கு முதல் நாள்தான் விஷயம் வெளியே வந்தது. ரசனைக்காரி கடைக்குப் போயிருந்தாள். தம்பி கூடத்தில் ஏதோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான். நாளைக்கு வெளியாள் வந்து மூக்கைச் சுளிக்கக் கூடாதே என்று, அவள் இல்லாத நேரமாகப் பார்த்து நான் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். மெத்தை புதிது. அதைப் புரட்டிப் போட்டேன். பலகையிலிருந்து கிளம்பிய வாடை முகத்தில் அறைந்தது. புடவைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு, கறையில் பிரஷ்ஷை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.

பொடிசு பக்கத்தில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அது போகாது. நாங்களும் தேய்ச்சுப் பாத்தோம்."

நான் தேய்ப்பதை நிறுத்தினேன்.

"நாங்கன்னா யாரு?"

"நாங்க எல்லாரும். பதினேழு தினமும் நனைச்சிருவா. காலைல எல்லாரும் சேர்ந்து தேய்க்கணும். காய வெச்சா போன மாதிரி இருக்கும். படுத்தா திரும்ப வரும்."

தலைப்பை மூக்கிலிருந்து அவிழ்த்தேன்.

"இது உங்க ஹோம்ல இருந்த கட்டிலா?"

"ஆமா அத்தை. புதுசா மாடிக் கட்டில், ஒண்ணு மேல ஒண்ணா இருக்குமே, அது வந்துச்சு. பழசையெல்லாம் லாரியில ஏத்திட்டுப் போனாங்க." சொல்லிவிட்டு, நெடுநாளாகக் கேட்கக் காத்திருந்ததுபோல் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "பதினேழு எப்ப வருவா?"

"இங்கயா?"

"இது அவ கட்டில். அவ வந்தா சண்டை போடுவா. அதான் நான் கீழ படுத்துக்கறேன். நான் பதினொண்ணு. என் கட்டில் இன்னும் வரல. மத்தவங்களும் வரல."

அந்தக் குழந்தை என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. ஒரு இல்லத்திலிருந்து இன்னொரு சின்ன இல்லத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், இனிமேல் மற்றப் பிள்ளைகளும் வருவார்கள், அதுவரை ஒழுங்காக இருக்க வேண்டும். வாரக்கணக்கில் அடுத்தவள் கட்டிலுக்குக் காவல் இருந்திருக்கிறாள். அம்மா என்று சொன்னாளே, அங்கே வார்டனும் அம்மா, சமையல்காரியும் அம்மா.

போர்வையைக் காட்டிக் கேட்டேன். அதுவும் அங்கிருந்து வந்ததுதான். மத்தியானம் தையல் நேரம் என்று ஒன்று உண்டாம், யாரோ தானம் கொடுத்த பழந்துணியை வெட்டி ஒட்டுப்போடுவார்களாம். "இந்தப் பச்சைச் சதுரம் நான் தச்சது" என்று தொடாமல் தூரத்திலிருந்தே காட்டினாள். அதன் ஓரத்தில் அந்தப் பழுப்புப் புள்ளிகள். என்ன இது என்று கேட்டேன். "ஊசி குத்துனது அத்தை" என்று ஆள்காட்டி விரலை நீட்டினாள். நுனி பூரா பொடிப்பொடியாகக் காய்த்துப் போயிருந்தது.

நான் பாத்ரூமுக்குப் போய்க் கையைக் கழுவினேன். சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினேன். பிறகு வாந்தி எடுத்தேன்.

ரசனைக்காரி வந்ததும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டே கேட்டான். அவள் முகம் வெளுத்துப்போய்விட்டது. அந்த இல்லத்துக்கு இவர்கள் பலமுறை போயிருக்கிறார்கள். வந்தவர்களைச் சோபா போட்ட அலுவலக அறையோடு நிறுத்திவிடுவார்களாம். பிள்ளைகள் படுக்கும் கூடத்தை யாரும் காட்டியதில்லை. அதனால் தெரியவில்லையே என்று அவளை நான் குறை சொல்லவில்லை. தெரிந்த பிறகு அவள் சொன்னதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

"அப்ப அந்தப் போர்வை அவளே தச்சது," என்றாள் மெதுவாக. கண்ணில் மறுபடியும் ஒரு வெளிச்சம் வந்தது. "அண்ணி, யோசிச்சுப் பாருங்க. அவ கையால தச்ச போர்வை அவளைத் தேடிக்கிட்டு வந்திருக்கு. எத்தனை வீடு இருக்கு, எத்தனை கடை இருக்கு. இதை யாராவது நம்புவாங்களா?"

கை தானாகக் கைபேசிக்குப் போனது.

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். "வெச்சுடு அதை," என்றேன். "உனக்கு அசிங்கமா இல்ல? அந்தப் புள்ள மூத்திரக் கட்டிலுக்குப் பக்கத்துல வெறுந்தரையில படுத்துக் கெடக்கு. நீ அதுக்குத் தலைப்பு யோசிக்கிற. சீ. இத்தனை நாளா அந்தக் கட்டில்தான் நாறுதுன்னு நெனச்சேன்."

"நான் அவளுக்காகத்தான் அண்ணி..."

"அவளுக்காக நீ என்ன செஞ்சே? எங்கேருந்து தப்பிச்சு வந்தாளோ அதே இடத்தைக் காசு குடுத்து வாங்கியாந்து இங்க மாட்டி வெச்சிருக்க. நம்பரோட."

தம்பி எழுந்து ஸ்பேனரோடு அறைக்குள் போனான். இரும்பில் ஸ்பேனர் படும் சத்தம் கேட்டது.

"இப்ப ஏன் கழட்றீங்க? நாளைக்கு அந்தம்மா வராங்க. ரூம் காலியா இருந்தா என்ன நினைப்பாங்க?" என்று அவள் பின்னாலேயே ஓடினாள்.

"காலியா இருக்குன்னு நினைப்பாங்க," என்றான் தம்பி.

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளுக்குக் கொடுத்த முதல் எதிர்ப்பதில் அதுவாகத்தான் இருக்கும். துருவேறிய போல்ட் அசைய மறுத்தது. பொடிசு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கீழ இருந்து தட்டணும்" என்று சொல்லிக் குதிகாலால் ஓங்கி ஒரு உதை விட்டாள். கட்டில் கழன்று கொடுத்தது. பழக்கப்பட்ட உதை.

ரசனைக்காரி சுவரோரம் நின்றாள். கழற்றிய பலகை ஒன்றை அவள் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தோம். என்ன தோன்றியதோ, குனிந்து அதன் கறையில் மூக்கை வைத்து மூச்சை இழுத்தாள். இத்தனை நாள் வாடையே இல்லை, உங்களுக்குத்தான் அண்ணி எல்லாமே நாறும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். அப்படியே வாயைப் பொத்திக்கொண்டு குமட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு யாரும் சொல்லாமலே கொக்கிப் பலகையைச் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு கீழே போனாள். போர்வை, பெட்டி, தட்டு, குவளை எல்லாவற்றையும் அவளே சுமந்துகொண்டு போய்த் தெருக்கோடியில் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். கட்டிலைத் தம்பி பகுதி பகுதியாக இறக்கிப் போட்டான்.

மறுநாள் காலையில் விசாரணை அம்மா வந்தார். அறையில் தரையில் ஒரு மெத்தை, அதன்மேல் வெள்ளை விரிப்பு, சுவரில் கொக்கிப் பலகை பிடுங்கிய ஓட்டைகள். அவ்வளவுதான். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். நாங்கள் நடந்ததைச் சொன்னோம், ஒளிக்கவில்லை. பிறகு எங்களைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் குழந்தையிடம் பேசினார். கதவு திறந்துதான் இருந்தது.

"உனக்கு இந்த வீட்ல இருக்கப் பிடிச்சிருக்காம்மா?"

"ரொம்ப நல்லா இருக்கு அம்மா. நன்றி அம்மா."

"இங்கயே இருக்கியா?"

"இருக்கேன் அம்மா. நன்றி அம்மா."

அதே வார்த்தை, அதே ராகம். முதல் நாள் கட்டில் கால்மாட்டில் நின்று சொன்னதில் ஒரு எழுத்து மாறவில்லை. ரசனைக்காரி என் பக்கத்தில் நின்றிருந்தாள். அம்மா என்ற அந்தச் சொல் தனக்கு மட்டும் சொன்னது இல்லை என்று அவளுக்குப் புரிவதை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

விசாரணை அம்மா வெளியே வந்து பையை எடுத்துக்கொண்டார். "அவ சரின்னு சொல்லிட்டா. ஆனா நான் இதைப் பதிலா எடுத்துக்க முடியாதும்மா. எதைக் கேட்டாலும் இப்படிச் சொல்லணும்னு அங்க பழக்கி வெச்சிருக்காங்க. அடுத்த மாசம் வரேன். அப்பவும் இப்படியேதான்னா, இவளுக்கு வேற குடும்பம் பாக்கலாமான்னு நாங்க யோசிக்க வேண்டியிருக்கும்."

அவர் போன பிறகு தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு புதுக் கட்டில் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றான். நான் சாப்பாட்டை எடுத்து வைத்தேன். அப்போது ரசனைக்காரி தன் அலமாரியைத் திறந்து, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துக்கொண்டு பொடிசிடம் வந்தாள். ஒரு தலையணை உறை. புத்தம் புதுத் துணி. மூலையில் நீல நூலில் ஒரு சின்னப் படகு. யாருக்கும் காட்டாமல் வைத்திருந்திருக்கிறாள். நானே அன்றைக்குத்தான் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது.

"இது பழசு இல்ல கண்ணு. கடையில வாங்கினதும் இல்ல. நானே தச்சேன். உனக்குன்னு."

பொடிசு படகைப் பார்த்தாள். கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன. நான் பக்கவாட்டில் நின்றதால் எனக்குத் தெரிந்தது, கட்டைவிரல் ஆள்காட்டி விரல் நுனியைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

"வேண்டாம்," என்றாள்.

காதில் விழுந்ததா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குச் சின்னக் குரல்.

"தையல் வேண்டாம்," என்று இன்னொரு முறை சொன்னாள்.

ரசனைக்காரி முகம் கோணியது. எவ்வளவு ராத்திரி கண்விழித்துத் தைத்தாளோ. நான் அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும் என்று தயாராகிவிட்டேன். ஆனால் அவள் உறையை நாலாக மடித்தாள், மறுபடி மடித்தாள், கைக்குள் அடக்கிக்கொண்டாள்.

"சரி. வேண்டாம்," என்றாள்.

பொடிசு நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. சாப்பாட்டு மேசையைப் பார்த்தாள். பிறகு எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள்.

"அப்ப இன்னிக்கு எனக்குச் சாப்பாடு உண்டா?"

தம்பி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான். நான் அந்தச் சோபா போட்ட அலுவலக அறையை நினைத்தேன். அங்கே உட்கார்ந்து வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுக்கிறவர்களை நினைத்தேன். அத்தனை பேர் முகத்திலும் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. இத்தனை வயதில் எதையெதையோ பார்த்து முகம் சுளித்திருக்கிறேன், இதற்குச் சுளிக்க முகம் போதவில்லை.

ரசனைக்காரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தையின் முகத்துக்கு நேராகத் தன் முகம் வரும்படி உட்கார்ந்தாள்.

"உண்டு," என்றாள்.

"வேண்டாம்னு சொன்னா?"

"சொன்னாலும் உண்டு."

"நாளைக்கு?"

"நாளைக்கும். எப்பவும் உண்டு."

பொடிசு நம்பவில்லை. நம்பாதது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் வந்து மேசை முன்னால் உட்கார்ந்தாள், ரசனைக்காரி பக்கத்தில் உட்கார்ந்தாள். சாதமும் பருப்பும் பீன்ஸும்தான் அன்றைக்கு. வழக்கமாகத் தலையைத் தூக்காமல் வேகவேகமாகச் சாப்பிட்டு முடித்துத் தட்டை வழித்துவிடுவாள். அன்றைக்கு ஒரு பீன்ஸைக் கடித்தாள். மீதியைத் தட்டின் விளிம்புக்குத் தள்ளினாள். ரசனைக்காரியைப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொன்றைத் தள்ளினாள். மறுபடி பார்த்தாள். இப்படியே எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தள்ளிச் சேர்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதுவும் வேண்டாம்," என்றாள். இந்தத் தடவை குரல் நன்றாகவே கேட்டது.

"பீன்ஸ் வேண்டாமா?"

"நல்லாவே இல்ல."

சமைத்தது நான். ரசனைக்காரி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கையை நீட்டி, விளிம்பில் கிடந்ததை எல்லாம் வழித்து, அந்தப் பாதி கடித்த துண்டையும் சேர்த்துத் தன் வாயில் போட்டு மென்றாள். எச்சில்தான். நான் ஒன்றும் சொல்லாமல் என் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.